கல்லறையும் கல்வெட்டே: சாந்தோம் முன்னிட்டுச் சில வினாக்கள்

சென்னைச் சாந்தோம் பேராலயத்தைப் பற்றித் தமிழ் ஆய்வுலகம் எழுதிய பக்கங்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே ஒரு கல்லறையைச் சுற்றியே சுழல்கின்றன. தோமா இங்கு வந்தாரா, வந்திருந்தால் இங்குதான் அடக்கம் செய்யப்பெற்றாரா என்பது ஒரு வினா. வள்ளுவர்மீது அவர் தாக்கம் உண்டா என்பது 1960களின் இறுதியில் எழுந்து அடங்காத மற்றொரு வினா. பழைய கபாலீச்சரம் இருந்த கடற்கரை இதுதானா என்பது மூன்றாவது. இவ்வினாக்கள் தேவையற்றவை என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு கல்லறையைப் பற்றி இவ்வளவு வாதாடிய நாம், அதே கோயிலிலும் அதுபோன்ற நூற்றுக்கணக்கான கோயில்களிலும் உள்ள பிற கல்லறைகளின் வாசகங்களை ஏன் படிக்கவில்லை என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

கிறித்தவக் கல்லறை வாசகங்களைத் தமிழ்க் கல்வெட்டாகவும் தமிழ் உரைநடைச் சான்றாகவும் ஏற்றுப் படியெடுத்துப் பதிப்பிக்கும் கடமையைத் தமிழ்த்துறைகள் தட்டிக் கழித்து வந்துள்ளன. இது குற்றச்சாட்டே, மென்மையாகச் சொல்வதால் பயன் இல்லை.

சாந்தோமுக்கு வருவோர் எதைக் காண்கின்றனர்? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கேள்விப்பட்டு எழுதியதும், அந்த இடத்து மண்ணை நோய் தீர்க்கும் மருந்தாக அடியார்கள் எடுத்துச் சென்றதாக அவர் குறித்ததுமான அக்கல்லறையைக் காண்கின்றனர். 1520களில் போர்த்துக்கேயர் அவ்விடத்தை அகழ்ந்து கோயில் எழுப்பினர். அக்கோயில் 1893இல் அகற்றப்பட்டு, ஆயர் என்றிக் ஜோசே ரீட் ட சில்வா காலத்தில் இன்றுள்ள கோதிக் பாணிக் கோயில் எழுந்து 1896இல் அருட்பொழிவு பெற்றது. 1956இல் பசிலிக்கா என்னும் தகுதியை அடைந்தது. 2000களின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில் நிலவறைக் கல்லறைக்குத் தனி வழி அமைக்கப்பட்டது. கோயிலின் நடுமண்டபத்துள் நுழையாமலேயே கல்லறையை வணங்கித் திரும்ப அதனால் இயலும். வழிபடுவோர்க்கு இது வசதியே. ஆயின் அவ்வசதி நம் ஆய்வுமுறைக்கும் பொருந்திவிட்டது. நாமும் ஒரு கல்லறைக்கு மட்டும் தனி வழி அமைத்துக்கொண்டு மற்றவற்றைப் பாராது வெளியேறிவிடுகிறோம்.

படித்தவர்கள் யாருமே இல்லை என்பதன்று. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் ஆங்கில அலுவலர் சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905இல் வெளியிட்டார். அத்தொகுப்பின் தலைப்பிலேயே ‘வரலாற்று அல்லது தொல்லியல் ஈர்ப்புடைய’ கல்லறைகள் என்னும் வரையறை இடம்பெறுகின்றது. யாருடைய இறப்பில் வரலாற்று ஈர்ப்பு உண்டு? அத்தொகுப்பின் பெரும்பகுதியை நிரப்புவோர் ஐரோப்பியப் படைத்தலைவர்கள், வணிகர்கள், அவர்தம் மனைவியர், மகவுகள். அவருக்கு இடப்பட்ட பணி அது. அவர் அதைச் செவ்வனே செய்தார். சேசு சபைத் துறவி ஹோஸ்டன் மயிலைத் தொல்பொருள்களைப் பற்றி எழுதிய நூல் 1936இல் வெளிவந்தது. பரங்கிமலைச் சிலுவையிலுள்ள பாரசீகப் பகலவி எழுத்துகளைப் படிக்க 19ஆம் நூற்றாண்டில் பர்னல் தொடங்கிப் பல நாட்டு அறிஞர் முயன்று மாறுபட்ட பாடங்களைத் தந்தனர். ஒரு வரிப் பகலவிக்கு இத்தனை பேர். அம்மலையைச் சூழ்ந்த ஊர்களில் தமிழில் பொறிக்கப்பட்ட கல்லறை வரிகளைப் படிக்கத் தமிழ் கற்றவர் எத்தனை பேர் சென்றோம்?

இக்கட்டுரையாளர் வாழும் புனே நகரிலும் இதே நிலைமையைக் காணலாம். பேஷ்வா சவாய் மாதவராவ் காலத்தில், 1792இல், தம் படையில் பணிபுரிந்த கத்தோலிக்கர்க்காக வழங்கப்பட்ட நிலத்தில் தோன்றிய கோயில் இந்நகரில் உள்ளது. கன்டோன்மென்ட் பகுதியில் அயர்லாந்துப் படைவீரர்க்காக 1850இல் எழுந்த புனித பேட்ரிக் கோயில் பின்னர்ப் பேராலயமாயிற்று. பம்பாய் மாகாணத்திற்கும் காட்டன் தொகுத்ததைப் போன்ற பட்டியல் ஆங்கில அரசால் ஆக்கப்பட்டது. படையுடனும் இரயில்வேயுடனும் இங்கு வந்து குடியேறிய தமிழ்க் கத்தோலிக்கர்களின் அடக்கத்தைப் பற்றி அத்தகைய பட்டியல்களில் தேடுவது வீண். பட்டியலிட்டவர் ஆங்கிலேயர் என்று அமைதி கூறலாம். விடுதலைக்குப் பின்னும் அப்பட்டியலை நாம் நிரப்பாததற்கு என்ன அமைதி கூறுவது? தெற்காசியாவில் மாண்ட ஐரோப்பியரின் கல்லறைகளைப் பதிவுசெய்யப் பிரித்தானியர் 1970களில் ஒரு சங்கமே அமைத்துக்கொண்டனர். தம் முன்னோர் எழுத்தைத் தேடி அவர்கள் கடல் கடந்து வருகின்றனர். நமக்கோ அடுத்த தெருவே தொலைவாக உள்ளது.

இறந்தோர்க்கு நட்ட கல்லைப் போற்றாத இலக்கிய மரபன்று நம்முடையது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனக் கல்லுக்குரிய நிலைகளைத் துறைப்படுத்திய தொல்காப்பியத்தை நாம் வகுப்புதோறும் கற்பிக்கின்றோம். செங்கம் நடுகற்கள் 1972இல் நூலாக வெளிவந்தபோதும், 2006இல் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடன் நடுகற்கள் கண்டறியப்பட்டபோதும் நாம் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. தொண்டைமானாற்றில் ஆதித்தனுக்கும், மேற்பாடியில் அரிஞ்சயனுக்கும், பழையாறையில் பஞ்சவன்மாதேவிக்கும் எழுந்த பள்ளிப்படைகளைப் பற்றி முனைவர்ப் பட்ட ஆய்வுகள் உள்ளன. அரசன் புதையுண்ட இடத்தில் எழுந்த கோயில் ஆய்வுப்பொருள். கோயிலுக்குள் புதையுண்ட உபதேசியார், கணக்கர், கொடையாளர் ஆகியோரின் கல் ஆய்வுப்பொருள் அன்று என்பது எந்த இலக்கணத்தின் விதி?

இதற்குக் கூறப்படும் மறுப்புகளை இக்கட்டுரையாளர் நேரில் கேட்டதுண்டு. ஒரு நேர்காணலில், கல்லறை வாசகங்களைப் பற்றிய ஆய்வுத் திட்டத்தைப் புரட்டிப் பார்த்த மூத்த பேராசிரியர் ஒருவர், “இது தமிழாய்வா, சுடுகாட்டுக் கணக்கா?” என்று வினவினார். அவையில் சிரிப்பு எழுந்தது. அந்த நகையை நீக்கிவிட்டு நோக்கினால் அவ்வினாவுள் மூன்று மறுப்புகள் அடங்கியுள்ளன. இவை காலத்தால் பிந்தியவை, இலக்கியம் அல்லாதவை, ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியவை.

மூன்றாவதைப் பற்றி மிகுதியாகப் பேச வேண்டியதில்லை. சமயம் சார்ந்த கல்லை விலக்கினால் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் எஞ்சுவது மிகச் சிலவே. சாந்தோம் வளாகத்திலேயே சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்துள்ளன. அவற்றைப் படித்தவர் எவரும் அவை எச்சமயத்தார்க்கு உரியவை என்று கேட்டுப் படிக்கவில்லை. இலக்கியம் அன்று என்னும் மறுப்பும் நிலைக்காது. தஞ்சையில் சுவார்ட்சு பாதிரியாரின் கல்லறைக்கு இரண்டாம் சரபோஜி ஆங்கிலத்தில் செய்யுள் இயற்றினார். சரசுவதி மகாலை வளர்த்த மன்னர் கல்லறைக்குப் பாடியது ஆங்கிலத்தில் என்பதால் அது இந்திய ஆங்கில இலக்கிய வரலாற்றில் பேசப்படுகின்றது. கல்லறைச் செய்யுள் ஆங்கிலத்தில் இருந்தால் இலக்கியம், தமிழில் இருந்தால் சுடுகாட்டுக் கணக்கு என்று கொள்வோமாயின் நாம் தமிழ்த்துறையில் அமர்ந்திருப்பதற்குப் பொருள் இல்லை.

காலத்தால் பிந்தியவை என்பதே ஊன்றி நோக்கற்பாலது. பிந்தியவை என்பதனாலேயே இவை நமக்குத் தேவை. பல்லவர், சோழர் கால எழுத்து வளர்ச்சியை நூற்றாண்டு வாரியாக அட்டவணைப்படுத்தியுள்ளோம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கல்தச்சன் கையில் தமிழ் எழுத்து எவ்வாறு இருந்தது என்பதற்கு அத்தகைய அட்டவணை வகுப்பறையில் இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் காட்டும் முறையை வீரமாமுனிவர்க்கு உரியதாக்கி இலக்கிய வரலாறுகள் எழுதுகின்றன. அம்முறை ஓலையிலும் அச்சிலும் பரவிய வரலாறு ஒருபுறம் இருக்க, கல்லில் எப்போது நிலைபெற்றது? புள்ளி இடும் வழக்கம் எந்தப் பகுதியில் முந்தியது? இவற்றுக்கு விடை கூறவல்லவை ஆண்டும் இடமும் குறிக்கப்பெற்ற கற்கள். ஓலைச்சுவடி படியெடுக்கப்படும்தோறும் எழுத்து மாறும். அச்சு நூல் மறுபதிப்பில் மாறும். கல்லறைக் கல்லுக்கு மறுபதிப்பு இல்லை. இறந்த நாள் அதிலேயே உள்ளது. கல் நடப்பட்டது பெரும்பாலும் அதை அடுத்த சில ஆண்டுகளில். இவ்வளவு உறுதியான காலச்சான்று கொண்ட தமிழ் உரைநடை வேறு எங்கு இவ்வளவு மிகுதியாகக் கிடைக்கும்? 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பின்னரும் பழைய ணை, லை, னை வடிவங்களைக் கல்தச்சர்கள் எத்துணைக் காலம் விடாது வைத்திருந்தனர் என்பதும் இவ்வாறே அளந்தறியத் தக்கது.

காலக்குறிப்பும் அவ்வாறே. ஒரே கல்லில் கிறித்து ஆண்டும் அறுபதாண்டுச் சுழற்சியின் ஆண்டுப்பெயரும் சேர்ந்து வருவதுண்டு. தென்கோடியில் கொல்லம் ஆண்டும் வரும். தமிழ் எண்கள் மறைந்து இக்கால எண்கள் இடம்பெறும் மாற்றத்தையும் தொடரலாம்.

சொற்களோ பெருஞ்செல்வம். இறப்பைக் குறிக்க மரித்தார், காலஞ்சென்றார், தேகவியோகமானார், பரகதியடைந்தார், நித்திரையடைந்தார் எனப் பல வினைகள் வருகின்றன. இவற்றுள் ஒன்றைத் தேர்வதில் சபை வேறுபாடு உண்டு. ஊர் வேறுபாடும் உண்டு. ‘கர்த்தருக்குள் நித்திரை’ என்பது சீர்திருத்தச் சபையார் கல்லில் மிகுதி. ‘நித்திய இளைப்பாற்றி’ என்பது கத்தோலிக்கர் செபத்திலிருந்து கல்லுக்கு வந்தது. கடற்கரை ஊர்களில் கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் ‘சிமித்தேரி’ போர்த்துக்கேயம் தந்த சொல். பெயர்கள் இன்னும் நுட்பமானவை. பேதுரு இராயப்பராகவும், பவுல் சின்னப்பராகவும், யோவான் அருளப்பராகவும், லாசரு தேவசகாயமாகவும், அலோசியசு ஞானப்பிரகாசமாகவும் தமிழ்ப்படுத்தப்பட்டனர். ஒலிபெயர்ப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் இடையே ஒரு சமுதாயம் மூன்று நூற்றாண்டுகளாக நடத்திய உரையாடல் இது. மொழிபெயர்ப்பியல் பாடத்திட்டங்களில் இதனினும் சிறந்த களம் உண்டா? அந்தோணி, சந்தியாகு, சவரிமுத்து, அமலோற்பவம் ஆகியோர் ஒரே குடும்பக் கல்லில் அடுத்தடுத்து நிற்கும்போது தலைமுறை தோறும் பெயரிடும் மனப்பாங்கு மாறியதை ஒரே பார்வையில் உணரலாம்.

சாதியைப் பேசாமல் கல்லறையைப் பேசுவது இயலாது. கோயிலுக்குள் யார் புதைக்கப்படலாம் என்பதைத் திருச்சபைச் சட்டமே வரையறுக்கின்றது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1242ஆம் விதிப்படி திருத்தந்தை, கர்தினால்கள், தம் கோயிலில் ஆயர்கள் ஆகியோரைத் தவிர வேறெவரையும் கோயிலுக்குள் அடக்கம் செய்தல் ஆகாது. 1917ஆம் ஆண்டுத் தொகுப்பும் இத்தகைய வரையறையைக் கொண்டிருந்தது. அதற்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் கொடையும் குலமும் உள்ளே இடம் பெற்றுத் தந்தன. எனவே ஒரு பழைய கோயிலின் தளக்கற்கள் அவ்வூர்ச் சமுதாயப் படிநிலையின் வரைபடம். பலிபீடத்திற்கு அருகில் யார், வாயிலருகில் யார், மதிலுக்கு வெளியே யார் என்பது கல்லில் எழுதப்பட்ட சமூக வரலாறு. புதுச்சேரிக் கோயிலில் தாழ்த்தப்பட்ட கிறித்தவரைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி 1745இல் எழுந்த பூசலை ஆனந்தரங்கப்பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிவுசெய்துள்ளார். வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலின் கட்டமைப்பே சாதியாரைப் பிரித்தது. அதன் பிரிசுவர் 1910இல் இடிக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்த மதில் 21ஆம் நூற்றாண்டிலும் போராட்டத்திற்குக் காரணமாயிற்று. தலித் இலக்கியத்தைக் கற்பிக்கும் துறைகள், இறந்த பின்னும் பிரிக்கப்பட்டோரின் பெயர்ப்பட்டியல் கல்லில் இருக்கக் கண்டும் புதினங்களுக்குள் மட்டுமே சாதியைத் தேடுவது வியப்பே.

இதற்குக் கோட்டாறு சிறந்த எடுத்துக்காட்டு. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் 1745இல் திருமுழுக்குப் பெற்று லாசரு, அதாவது தேவசகாயம் ஆனார். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் கோட்டாறு சவேரியார் கோயிலுக்குள் அடக்கம் செய்யப்பட்டது. இன்று பேராலயமாகிய அக்கோயிலுக்கு, 2022 மே 15ஆம் நாள் அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட பின்னர், கல்லறையைக் காண வருவோர் பலர். புனிதர் பட்டத்திற்கு முன்பாக எழுந்த விவாதம் எதைப் பற்றியது? அவர் பெயரின் பின்னொட்டாக வழங்கிய ‘பிள்ளை’ என்னும் சாதிப் பெயரை நீக்க வேண்டும் என்பதைப் பற்றியது. வத்திக்கான் அதை நீக்கியே பெயரை அறிவித்தது. ஒரு கல்லறையில் எந்தப் பெயர் நிற்க வேண்டும் என்பது 270 ஆண்டுகள் கழித்தும் உயிருள்ள சிக்கல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. நம் ஆய்விதழ்களில் இதைப் பெயரியல் நோக்கில் ஆராயும் கட்டுரைகள் வரிசையாக வந்திருக்க வேண்டும்.

நாம் காலம் தாழ்த்தும் ஒவ்வோர் ஆண்டும் கற்கள் குறைகின்றன. டெல்டாப் பகுதியிலுள்ள பழைய பங்குக்கோயில் ஒன்றில் தளத்தில் பதிந்திருந்த கடப்பைக்கற்கள் சிலவற்றின் வாசகங்களை இக்கட்டுரையாளர் கையால் எழுதிக்கொண்டதுண்டு. நடப்போர் கால் பட்டு முதல் வரிகள் தேய்ந்திருந்தன. மைப்படி எடுக்கக் கருவிகளுடன் திரும்பிச் சென்றபோது தளம் முழுவதும் பளபளக்கும் கிரானைட்டால் மூடப்பட்டிருந்தது. கற்கள் எங்கே என்று கேட்டபோது, சில உள்ளேயே புதைந்துவிட்டன என்றும் சில கழிவுநீர்க் கால்வாய்க்கு மூடியாயின என்றும் விடை வந்தது. அதைச் சொன்னவர் குரலில் குற்ற உணர்வு இல்லை. இருக்கவும் காரணம் இல்லை. அவற்றுக்கு மதிப்பு உண்டு என்று எந்தத் தமிழ்ப் பேராசிரியரும் அதுவரை அவர்களிடம் சென்று சொல்லவில்லை.

கால் படுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பிய மரபில் கோயில் தளத்தில் புதைத்தல் பணிவின் அடையாளமாகவும் கொள்ளப்பட்டது. வழிபடுவோர் தம்மேல் நடந்து செல்லட்டும் என்று விழைந்தோர் உண்டு. இறந்தோரை மிதித்தல் தகாது என்பது தமிழர் உணர்வு. இவ்விரண்டும் ஒரே தளத்தில் எதிர்ப்பட்டபோது நம் மக்கள் கல்லை நிமிர்த்தினரா, சுவரில் பதித்தனரா, சுற்றி நடக்கக் கற்றனரா என்பது தனி ஆய்வுக்குரியது. இன்றோ கிரானைட் வணிகர் அச்சிக்கலை எளிதாகத் தீர்த்துவைக்கின்றார்.

சட்டம் நமக்குத் துணை நிற்கின்றது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய கல்வெட்டைத் தொல்பொருள் என்னும் வரையறைக்குள் அடக்குகின்றது. அதன்படி 1920க்கு முற்பட்ட ஒவ்வொரு தமிழ்க் கல்லறை வாசகமும் இன்று தொல்பொருளே. சட்டம் ஏற்றுக்கொண்டதைப் பாடத்திட்டக் குழு ஏற்க மறுப்பது வேடிக்கை.

திருச்சபையும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. தளத்தை மாற்றும் முடிவை எடுப்போர் பங்குத்தந்தையரும் பங்குப் பேரவையினரும் ஆவர். 1955இல் கண்டியிலிருந்து புனேக்கு மாறிய பாப்பிறைக் குருமடமும், தமிழில் உரைநடை எழுதிய தத்துவ போதகரின் பெயர் தாங்கிய தே நொபிலி கல்லூரியும் இந்நகரில்தான் உள்ளன. தமிழகத்திலிருந்து குருமாணவர்கள் இங்கு வந்து மெய்யியலும் இறையியலும் கற்கின்றனர். பழைய கல்லைப் பெயர்ப்பதற்கு முன் நிழற்படம் எடுத்தல், இருந்த இடத்தைக் குறித்தல், வாசகத்தைப் படியெடுத்தல் ஆகிய மூன்றையும் இத்தகைய நிறுவனங்கள் ஒரு வாரப் பயிற்சியாகத் தரலாம். அப்பயிற்சியைக் கற்பிக்கத் தமிழ்த்துறையினர் முன்வர வேண்டும். அழைப்பு வரட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

தமிழ்த்துறைகளிடம் கேட்பது பெரிதன்று. முதுகலை மாணவர் ஒருவர்க்கு ஒரு கோயில் என ஆய்வேடு தரப்பட்டால், ஒரு துறை ஐந்தாண்டில் ஒரு வட்டாரத்தையே முடித்துவிடும். அவ்வேடுகள் எழுத்தைக் கல்லில் உள்ளவாறே தர வேண்டும். பிழை திருத்தக் கூடாது. வரிப்பிரிப்பை மாற்றக் கூடாது. ‘இலக்கியத்தில் மனிதநேயம்’ என்னும் தலைப்பில் நூறாவது ஆய்வேட்டை ஏற்கும் நெறியாளர் இதை ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் காண இயலவில்லை.

களப்பணிக்குச் செல்வோர் நாளையும் கருத வேண்டும். நவம்பர் 2ஆம் நாள் இறந்தோர் நினைவு நாள். அதை முன்னிட்டுக் கல்லறைகள் கழுவப்பட்டு வெள்ளையடிக்கப்படும். மாலையில் குடும்பத்தார் மெழுகுதிரி ஏற்றுவர். இறந்தவரைப் பற்றிய வாய்மொழிச் செய்திகளைத் திரட்ட அம்மாலையினும் நல்ல நேரம் இல்லை. ஆனால் அவ்வாண்டுச் சுண்ணாம்பு எழுத்தின் பள்ளங்களை நிரப்பியிருக்கும். மைப்படி எடுக்க விரும்புவோர் செப்டம்பர் இறுதியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகச் சென்றுவிடுதல் வேண்டும்.